பாதி படித்த நிலையில் பாடத்திட்டம் மாறினால்: சிசிஎன்ஏ தனியே படிப்பவருக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி: சாம்பல்தீவில் வசிக்கிறீர்கள். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தமிழ் மொழிமூலம் படித்துவிட்டு, நிலாவெளியிலுள்ள ஒரு விடுதியில் கணினி உதவியாளராக வேலை செய்கிறீர்கள். சிசிஎன்ஏ என்பது சிஸ்கோ நிறுவனத்தின் அடிப்படை வலையமைப்புச் சான்றிதழ்; அதற்கான 200-301 பரீட்சையின் முதற் பாடத்திட்டத்துக்கு (1.0) எழுதப்பட்டு, தெரிந்த அண்ணா ஒருவர் கொடுத்த இரு பாக நூலை ஐந்து மாதங்களாக இரவில் படித்துப் பாதியைத் தாண்டிவிட்டீர்கள். இப்போது பாடத்திட்டம் 1.1 ஆகிவிட்டது என்றும் அது மறுபடியும் மாறும் என்றும் கேள்விப்பட்டு, புதிய நூல் வாங்கி முதலிலிருந்து தொடங்குவதா, அடுத்த மாற்றம் வரும்வரை பொறுப்பதா, வகுப்பில் சேராமல் இதை முடிக்க இயலுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கவலைதான்: இந்த ஐந்து மாத உழைப்பு வீணாகிவிட்டதா என்பது. வீணாகவில்லை. ஏன் என்பதையும், எந்தப் பகுதியில் உண்மையாகவே கவனம் வேண்டும் என்பதையும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் என் பேச்சுக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான் பதினெட்டு ஆண்டுகளாகத் திருகோணமலையில் அலுவலகங்களுக்கும் விடுதிகளுக்கும் வலையமைப்பு அமைத்துக் கொடுத்தும் பராமரித்தும் வருபவன். வகுப்புக்குப் போகாமல் படித்தவன். பெரிய தரவு நிலையங்களிலோ தொலைத்தொடர்பு நிறுவனங்களின் முதுகெலும்பு வலையமைப்புகளிலோ வேலை செய்ததில்லை என்பதால் அந்தப் பக்கத்தைப் பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை. பாடத்திட்டம் மாறும் நேரத்தில் அகப்பட்டுக்கொள்வது எப்படியிருக்கும் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். முன்பெல்லாம் சிசிஎன்ஏயை ஒரே பரீட்சையாகவும் எழுதலாம், ஐசிஎன்டி-1, ஐசிஎன்டி-2 என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். 2019 செப்டெம்பரில் நான் முதற் பாதியில் சித்தியடைந்தேன். அதற்கு முன்பே, 2019 ஜூன் மாதத்தில், 2020 பெப்ரவரி 24 முதல் பழைய பரீட்சைகள் எல்லாம் முடிவுக்கு வருகின்றன, 200-301 என்ற ஒரே பரீட்சை வருகிறது என்று சிஸ்கோ அறிவித்திருந்தது. இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே என்று நினைத்து, மழைக்காலத்து வேலைகளில் நாளைக் கடத்தி, கடைசி இரண்டு வாரங்களில் தேர்வு நிலையத்தில் இடம் தேடியபோது எனக்கு ஏற்ற நாள் கிடைக்கவில்லை. முதற் பாதிக்குரிய சான்றிதழ் அதன் காலம் முடியும்வரை கையில் இருந்தது உண்மை; ஆனால் புதிய சிசிஎன்ஏக்கு அது ஒரு புள்ளியும் சேர்க்கவில்லை. 2021 நவம்பரில் முழுப் பரீட்சையையும் எழுதித்தான் சித்தியடைந்தேன். சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால் 2024 ஒக்டோபரில் அதைப் புதுப்பிக்க மறுபடி எழுதினேன், அது 1.1 பாடத்திட்டம். ஆகவே பெரிய மாற்றம் ஒன்றிலும் சிறிய மாற்றம் ஒன்றிலும் நின்று பார்த்தவன் என்ற அளவில் எழுதுகிறேன்.

இவ்விரண்டு மாற்றங்களையும் ஒன்றாகக் கருதுவதே பலருடைய பயத்துக்குக் காரணம். 2020இல் நடந்தது வீட்டை இடித்துக் கட்டியதற்குச் சமம். பாதுகாப்பு, கம்பியில்லா இணைப்பு, குரல் தொடர்பு, தரவு நிலையம் என்று துறைவாரியாக இருந்த சிசிஎன்ஏக்கள் பலவும் ஒன்றாக்கப்பட்டன. ஈஐஜிஆர்பி, ஆர்ஐபி போன்ற வழிப்படுத்தும் நெறிமுறைகள் பாடத்திலிருந்து விலகின; வயர்லஸ், பாதுகாப்பு, தன்னியக்கம் ஆகியவை உள்ளே வந்தன. 2024 ஓகஸ்ட் 20ஆம் திகதி நடைமுறைக்கு வந்த 1.1 அப்படிப்பட்டதல்ல. பரீட்சை எண் அதே 200-301தான். ஆறு பிரிவுகளும் அவற்றின் பங்கும்கூட அப்படியே இருக்கின்றன: வலையமைப்பு அடிப்படைகள் 20 சதவீதம், சுவிட்ச் பக்கத்து அணுகல் 20, ஐபி இணைப்பும் வழிப்படுத்தலும் 25, ஐபி சேவைகள் 10, பாதுகாப்பு 15, தன்னியக்கமும் நிரலாக்கமும் 10. சேர்ந்தவை என்று பார்த்தால், செயற்கை நுண்ணறிவும் இயந்திரக் கற்றலும் வலையமைப்பு நிர்வாகத்தில் எங்கே பயன்படுகின்றன என்ற ஒரு சிறு தலைப்பு, இணைய மேகத்திலிருந்து (கிளவுட்) கருவிகளை நிர்வகிக்கும் முறை, பப்பெட், செஃப் என்ற இரண்டு தன்னியக்கக் கருவிகளுக்குப் பதிலாக டெராஃபோர்ம், சுவிட்சுகளுக்கிடையே சுற்று உருவாகாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ பகுதியில் ரூட் கார்ட், லூப் கார்ட், பிபிடியு கார்ட், பிபிடியு ஃபில்டர் ஆகிய பாதுகாப்பு ஏற்பாடுகள். உங்கள் கையிலுள்ள நூலுக்கும் இன்றைய பரீட்சைக்கும் இடையில் இருப்பது முக்கியமாக இவ்வளவே. ஒரு வாரத்து இரவுகளில் தனியாகப் படித்துச் சேர்த்துவிடலாம் என்பது என் மதிப்பீடு.

அந்தச் சேர்க்கைகளிலும் எல்லாம் புதுமையல்ல என்பதைப் பாருங்கள். நிலாவெளிப் பக்கத்து விடுதி ஒன்றில் சில வருடங்களுக்கு முன் காலை எட்டு மணிக்கு மொத்த வலையமைப்பும் படுத்துவிட்டது. வரவேற்பு மேசையின் கீழிருந்த சிறிய சுவிட்ச் ஒன்றில், கூட்டித் துடைத்தவர் யாரோ தொங்கிக்கொண்டிருந்த கேபிளின் மறுமுனையையும் நல்லெண்ணத்தோடு அதே சுவிட்சில் சொருகியிருந்தார். சுற்று உருவாகி, ஒலிபரப்புச் சட்டகங்கள் ஒன்றையொன்று துரத்தி, பிரதான சுவிட்ச் வரைக்கும் மூச்சுத் திணறியது. அந்தச் சிறிய சுவிட்ச் வந்து சேரும் பிரதான சுவிட்சின் போர்ட்டில் பிபிடியு கார்ட் இட்டிருந்தால், தான் அனுப்பிய பிபிடியு (ஸ்பானிங் ட்ரீக்காக சுவிட்சுகள் அனுப்பும் செய்தி) தன்னிடமே திரும்பி வந்த கணத்தில் பிரதான சுவிட்ச் அந்த ஒரு போர்ட்டை மட்டும் மூடிவிட்டு மற்ற விருந்தினர்களை நிம்மதியாக விட்டிருக்கும். இந்த வசதி அப்போதும் சுவிட்சில் இருந்தது. 1.0 பாடத்திட்டத்தில்தான் பெயர் சொல்லி எழுதப்படாமல் இருந்தது. உங்கள் விடுதியிலும் இது நடக்கக்கூடியதுதான் என்பதால் இந்தப் பகுதியைப் பரீட்சைக்காக மட்டும் படிக்க வேண்டாம்.

எது மாறவில்லை என்பதைப் பார்த்தால் இன்னும் தெளிவு வரும். ஐபி நான்காம் பதிப்பின் வரையறை 1981இல் எழுதப்பட்டது; ஐபி முகவரிக்குரிய கருவியின் வன்பொருள் முகவரியைக் கண்டறியும் ஏஆர்பி 1982; இன்று நாம் வீட்டிலும் விடுதியிலும் பயன்படுத்தும் 192.168 வகைத் தனியார் முகவரிகளை ஒதுக்கிய ஆவணம் 1996. ரவுட்டர்கள் வழிகளைத் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப் இரண்டாம் பதிப்பின் இன்றைய வரையறை 1998. சிசிஎன்ஏ என்ற சான்றிதழ் பிறந்ததே 1998இல்தான். பரீட்சையின் பெரும் பகுதி நிற்பது இந்தப் பழைய அத்திவாரத்தின் மேல். 192.168.10.0 என்று தொடங்கும் முகவரித் தொகுதியை /26 ஆக (முதல் 26 பிட்டுகள் வலையமைப்பைக் குறிக்கும் முன்னொட்டாக) வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் 64 முகவரிகள், கருவிகளுக்குக் கொடுக்கக்கூடியவை 62 என்பது எந்தப் பதிப்பிலும் மாறப் போவதில்லை. ஒரு பொதிக்கு இரண்டு வழிகள் பொருந்தினால் நீண்ட முன்னொட்டுள்ள வழியே வெல்லும் என்பதும், முன்னொட்டு சமமாக இருந்தால் நிலையான வழிக்கு 1, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110 என்ற நம்பகத்தன்மை எண்ணைப் பார்த்துச் சிறியதை ரவுட்டர் எடுக்கும் என்பதும் அப்படித்தான். நீங்கள் ஐந்து மாதமாகப் படித்தது இதையென்றால், அதில் ஒரு பக்கத்தையும் கிழித்துப் போட வேண்டியதில்லை.

இனி, மாற்றங்களைப் பற்றி வதந்தி கேட்டு அலையாமல் இருப்பதற்கு ஒரே வழி, பரீட்சைத் தலைப்புகள் என்று சிஸ்கோ இலவசமாக வெளியிடும் அந்தச் சில பக்க ஆவணத்தை இறக்கி, அச்செடுத்து, நூலுக்கு மேலே வைத்துக்கொள்வதுதான். தனியே படிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு நூலைப் பாடத்திட்டம் என்று நினைப்பது. அந்த ஆவணத்தில் ஒவ்வொரு வரியும் எந்த வினைச்சொல்லில் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். 'அமைத்துச் சரிபார்க்க' என்று தொடங்கினால் கட்டளைகளை நூலைப் பாராமல் தட்டச்சிடத் தெரிய வேண்டும். நிலையான வழிகள், ஒரே சுவிட்சைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் விலான், ஒரே பகுதிக்குள் ஓஎஸ்பிஎஃப் ஆகியவை இந்த வகை. 'விவரிக்க' என்றோ 'விளக்க' என்றோ தொடங்கினால் கருத்துத் தெரிந்தால் போதும். ஒரு ரவுட்டர் விழுந்தால் இன்னொன்று அதன் இடத்தை எடுக்கச் செய்யும் முதல் தாவல் மிகைமை நெறிமுறைகள், முக்கியமான தரவுக்கு முன்னுரிமை கொடுக்கும் சேவைத் தரம் ஆகியவை இதில் வரும். 'அடையாளம் காண' என்றால் இன்னும் மேலோட்டம். ஜேசன் வடிவத் தரவில் எது பெயர், எது மதிப்பு என்று பார்த்துச் சொல்லத் தெரிவது அத்தகையது. நான் முதன்முறை படித்தபோது இந்த வித்தியாசம் தெரியாமல், விளக்கினால் போதுமான சேவைத் தரத்தைக் கட்டளை கட்டளையாக ஒரு மாதம் மனனம் செய்தேன். அந்த மாதத்தை சப்நெட்டில், அதாவது முகவரிகளைத் துண்டுகளாக வெட்டும் கணக்கில், போட்டிருந்தால் பரீட்சை மண்டபத்தில் அவ்வளவு வியர்த்திருக்காது.

பொறுத்திருப்பதா என்ற கேள்விக்கு வருகிறேன். சிஸ்கோ தன் பரீட்சைகளை ஆண்டுதோறும் மீளாய்வு செய்து, மாற்றமிருந்தால் சில மாதங்களுக்கு முன்பே அறிவிக்கிறது. சிறு திருத்தமாயின் புள்ளிக்குப் பின்னுள்ள எண் மாறும். பெரிதாயின் முன்னுள்ள எண் மாறும். ஆனால் மாறும் நாள் ஒன்றுதான். 2024 ஓகஸ்ட் 19 வரை 1.0, மறுநாள் முதல் 1.1, இடையில் விருப்பத்துக்கு இடமில்லை. கொம்ப்டியா நிறுவனத்தின் நெட்வேர்க் பிளஸ் பரீட்சை இதில் வேறு மாதிரி: புதிய என்10-009 2024 ஜூன் 20இல் வந்த பிறகும் பழைய என்10-008ஐ டிசம்பர் 20 வரை எழுத முடிந்தது. இந்த வேறுபாடு தெரியாமல் ஒன்றின் வழக்கத்தை மற்றதற்குப் பொருத்திப் பேசுபவர்கள் உண்டு. சிசிஎன்ஏயைப் பொறுத்தவரை, எழுத எண்ணும் நாளை முதலில் உங்களுக்குள் குறித்துவிட்டு, அந்த நாளில் எந்தப் பாடத்திட்டம் நடைமுறையிலிருக்கும் என்று சிஸ்கோவின் தளத்தில் பார்த்து, அதற்குப் படிப்பதே முறை. மாற்றம் வரட்டும் என்று பொறுத்தால், அது வந்த பிறகு நல்ல நூல் வரட்டும் என்று பொறுக்க வேண்டும். நூல் வந்த பிறகு அடுத்த மாற்றத்தின் பேச்சு தொடங்கிவிடும். பாதிக்கு மேல் படித்துவிட்ட நீங்கள், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியுமானால், இன்னும் நான்கு மாதத்தில் எழுதலாம் என்று நினைக்கிறேன். இந்தக் கணக்கு என்னோடு படித்த ஏழெட்டுப் பேரைப் பார்த்துச் சொல்வது; உங்கள் வேகம் கூடவோ குறையவோ இருக்கலாம்.

வகுப்பில்லாமல் முடியுமா என்றால், முடியும். பயிற்சி இல்லாமல்தான் முடியாது. சிஸ்கோ நெட்வேர்க்கிங் அகடமியில் இலவசமாகப் பதிவு செய்தால், வலையமைப்பைக் கணினியிலேயே வரைந்து இயக்கிப் பார்க்கும் பாக்கெட் ட்ரேசர் என்ற மென்பொருள் கிடைக்கும். சாதாரண மடிக்கணினியில் ஓடும். சிசிஎன்ஏ அளவுக்குத் தேவையான கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அதிலேயே செய்யலாம். உண்மையான இயங்குதளத்தில் பழக விரும்பினால் சிஸ்கோ மொடலிங் லாப்ஸ் ஐந்து கருவிகள் வரை இலவசமாகத் தருகிறது. அதற்குக் கொஞ்சம் வலுவான கணினி வேண்டும். கொழும்பிலிருந்து பழைய 2960 சுவிட்ச் ஒன்றை வாங்கித் தரட்டுமா என்று யாராவது கேட்டால், ஆசைக்கு வாங்கலாம், அவசியமில்லை. (எங்கள் கடற்காற்றில் கேபிள் முனைகளின் செம்பு ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிடுவதையும், 'நெற் வேலை செய்யவில்லை' என்ற முறைப்பாடுகளில் எத்தனை அதனால் வருகின்றன என்பதையும் எந்தப் பரீட்சையும் கேட்பதில்லை, அது உண்மைக் கருவியோடு இருந்தால்தான் தெரியும்.) என் ஆலோசனை, நூலில் உள்ள பயிற்சிகளை அப்படியே செய்வதோடு நிறுத்தாமல், உங்கள் விடுதியையே பாக்கெட் ட்ரேசரில் வரைவது. அலுவலகத்துக்கு விலான் 10, விருந்தினருக்கு 20, கமராக்களுக்கு 30 என்று பிரியுங்கள். மூன்றுக்கும் டிஎச்சிபி, அதாவது கருவிகளுக்கு முகவரியைத் தானாக வழங்கும் சேவை, கொடுங்கள். விருந்தினர் இணையத்துக்குப் போகலாம், அலுவலகக் கணினியைத் தொடக்கூடாது என்று அணுகல் பட்டியல் எழுதுங்கள். பிறகு ஒருவர் வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து சுவரிலுள்ள போர்ட்டில் சொருகி, எல்லோருக்கும் தவறான முகவரி கொடுக்கத் தொடங்குவதாக வைத்துக்கொண்டு, டிஎச்சிபி ஸ்னூப்பிங்கால் அதைத் தடுங்கள். எல்லாம் வேலை செய்தபின் வேண்டுமென்றே ஒரு கட்டளையைக் கெடுத்து வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து வந்து பிழையைத் தேடுங்கள். பரீட்சையில் கட்டளை தட்டச்சிட்டுச் செய்து காட்டும் வினாக்களும் வருவதால் இந்தப் பழக்கம் நேராகவே உதவும்.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இதில்தான். இந்தப் பரீட்சை தமிழிலோ சிங்களத்திலோ இல்லை. உயர்தரத்தில் நெறிமுறையை 'செம்மை நடப்பொழுங்கு' என்றும் சப்நெட்டை 'உபவலையமைப்பு' என்றும் படித்த உங்களுக்குக் கருத்து ஏற்கனவே இருக்கிறது. வலையமைப்பை ஏழு அடுக்குகளாக விளக்கும் ஓஎஸ்ஐ மாதிரியும் சப்நெட்டும் பாடசாலையிலேயே பார்த்தவைதான். தொழினுட்பச் சொற்களை ஒரு மாதத்தில் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்வீர்கள். சிக்கல் தருபவை சிறிய சாதாரணச் சொற்கள். நான்கு விடைகளும் சரிபோலத் தோன்றும் வினாவில் 'முதலில் எது', 'எந்த இரண்டு', 'எது அல்ல', 'பெரும்பாலும் எது காரணம்' என்ற ஒரு சொல்தான் விடையைத் தீர்மானிக்கும். 120 நிமிடங்கள்தான் தரப்படுகின்றன. ஒரு வினாவுக்கு விடையளித்து அடுத்ததற்குப் போய்விட்டால் திரும்பி வந்து திருத்த முடியாது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே விளக்கத்தைத் தமிழில் கேட்பதில் தவறில்லை, தமிழில் நல்ல காணொளிகள் இருக்கின்றன. ஆனால் பயிற்சி வினாக்களை முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் செய்யுங்கள், பிழைத்த ஒவ்வொன்றிலும் தவறியது பாடத்திலா மொழியிலா என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். என் கொப்பியில் முதல் மாதம் மூன்றில் ஒரு பங்கு பிழை மொழியால் வந்ததாக இருந்தது.

பயிற்சி வினாக்கள் என்ற பெயரில் உண்மைப் பரீட்சையின் வினாக்களைக் களவாகத் தொகுத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அதைத் தொடாதீர்கள். கண்டுபிடித்தால் சான்றிதழை சிஸ்கோ இரத்துச் செய்யும் என்பது ஒரு பக்கம். பாடத்திட்டம் மாறும்போது முதலில் உளுத்துப்போவதும் அந்தத் தொகுப்புகள்தான். இனி, சித்திக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்; சிஸ்கோ அந்த எல்லையை வெளியிடுவதில்லை.

பணத்தைப் பற்றி மூடி மறைக்காமல் பேச வேண்டும். கட்டணம் 300 அமெரிக்க டொலர், வரி தனி. ஒரு டொலரை 300 ரூபாயாகக் கொண்டால் 90,000 ரூபாய். 2022இன் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயளவில் இருந்தபோது அறுபதாயிரமாக இருந்த அதே கட்டணம், அந்த ஆண்டு மே மாதத்தில் ஒரு இலட்சத்தைத் தாண்டியது. காசு சேர்த்து வைத்திருந்த என் நண்பர் ஒருவர் அந்த மாதங்களில் கண்ணெதிரே பின்தங்கிப் போனார். விடுதிச் சம்பளத்தில் இந்தத் தொகையை இருமுறை கட்டுவது எளிதல்ல. ஆகையால் மாதிரிப் பரீட்சைகளில், முன்பு பார்க்காத வினாக்களுக்கு, திரும்பத் திரும்ப எண்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் எடுக்கும்வரை மனதில் நாளைக் குறித்தாலும் காசைக் கட்டிப் பதியாதீர்கள். எண்பத்தைந்து என்பது என் சொந்த அளவுகோல், விதியல்ல. தவறினால் மறுபடி எழுத ஐந்து நாள் இடைவெளி விட்டால் போதும் என்று விதி சொல்கிறது. ஆனால் ஐந்து நாளில் திரும்பி ஓடுவது பெரும்பாலும் ரோசத்தால்தான், ஒரு மாதமாவது விடுங்கள்.

வீட்டிலிருந்தே இணையவழியாக எழுதும் வசதி இருக்கிறது. அறையில் வேறு எவரும் இருக்கக்கூடாது, கமராவில் அறை முழுவதையும் காட்ட வேண்டும், இடையில் இணைப்பு அறுந்தால் பரீட்சையே சிக்கலாகலாம். நவம்பர், டிசம்பரில் வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து எங்கள் பகுதியில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத நிலையில், நான் அதற்குத் துணியமாட்டேன். கொழும்பிலுள்ள தேர்வு நிலையத்துக்குப் போவதையே தெரிவுசெய்வேன். ஆனால் இரவு பஸ்ஸில் ஏறி அதிகாலையில் இறங்கி அப்படியே மண்டபத்துக்குள் போகாதீர்கள். முதல் நாள் பகலிலேயே போய் உறவினர் வீட்டில் படுத்து எழும்பி, பகல் பதினொரு மணிக்குப் பின்னுள்ள நேரத்தைத் தெரிவுசெய்யுங்கள். தூக்கமில்லாத கண்ணுக்கு /27உம் /28உம் ஒன்றாகத்தான் தெரியும்.

கடைசியாகச் சிறியதொன்று, ஆனால் இதனால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களை அறிவேன். இந்தப் பரீட்சையை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தில் கணக்குத் திறக்கும்போது உங்கள் பெயர், நீங்கள் எடுத்துச் செல்லும் அடையாள ஆவணத்திலுள்ள ஆங்கில எழுத்துகளோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். தகப்பன் பெயரைத் தலையெழுத்தாக்கி ஒரு இடத்திலும், முழுதாக எழுதி இன்னொரு இடத்திலும் வைத்திருக்கும் நமக்கு இது இலேசில் பிசகும். ஆங்கிலத்தில் பெயர் அச்சிட்ட கடவுச்சீட்டோ சாரதி அனுமதிப்பத்திரமோ இருந்தால் அதைப் பார்த்துக் கணக்கைத் திறவுங்கள், கையொப்பமுள்ள இன்னோர் அட்டையையும் கூடக் கொண்டுபோங்கள். ஏற்கனவே வேறு விதமாகப் பதிந்திருந்தால், பரீட்சைக்குப் பதிவதற்கு முன்பே அவர்களுக்கு எழுதித் திருத்திக்கொள்ளுங்கள். பதிந்த பிறகு அதற்கு அலைய வேண்டியிருக்கும்.